பட்டனைத் தட்டினால் மலை வருகிறது. எந்த ஊர் மலை?

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டுச் சாவகாசமாகப் படியுங்கள்.

பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் இருக்கின்றன: "சார், பையன் கேம் டிசைன் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். சேர்க்கலாமா?" கேட்பவர்களில் ஒரு பாதிப் பேர், "விளையாட்டு செய்றதெல்லாம் ஒரு படிப்பா?" என்று அவர்களே பதிலும் சொல்லிவிடுகிறார்கள். இதற்கு நடுவில் நம் குடும்பக் குழுவில் ஒரு காணொளி வந்தது. ஒருவர் கணினியில் ஒரு பட்டனைத் தட்டுகிறார். மலை, பள்ளத்தாக்கு, ஆறு, காடு எல்லாம் சில நொடிகளில் முளைக்கின்றன. அதற்குக் கீழே நம் மச்சான் ஒருவர், "எல்லாத்தையும் மெஷினே செய்யுது. இதுக்குப் போய் நாலு வருஷம் என்னத்தப் படிக்கிறது?" என்று எழுதியிருந்தார்.

இந்த இரண்டு பேச்சையும் நான் ஏற்கவில்லை. அந்தக் கருவிகள் தாமாக நிலத்தை உண்டாக்குவதில்லை. ஒரு மனிதர் எழுதி வைத்த விதியை நடத்திக் காட்டுகின்றன, அவ்வளவுதான். விதி எழுதியவர் எந்த நிலத்தைப் பார்த்து வளர்ந்தாரோ அந்த நிலம்தான் திரையில் வருகிறது. இன்றைக்கு அங்கே வருவது நம் நிலம் இல்லை. அதைக் கொண்டுவரக்கூடியவர்கள் நம் பிள்ளைகள். அதற்கு வேண்டிய படிப்பு கணக்கும் புவியியலும். சம உயரக்கோடு வரையச் சொல்லி உங்களையெல்லாம் பாடாய்ப் படுத்தியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த மெஷின் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

ஒரு கிராஃப் தாளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். அந்த எண்தான் அந்த இடத்தின் உயரம். உயரமான இடத்துக்கு வெள்ளை, தாழ்வான இடத்துக்குக் கறுப்பு, நடுவில் உள்ளதற்குச் சாம்பல் என்று நிறம் கொடுத்தால் ஒரு படம் கிடைக்கும். அதற்கு உயரப்படம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். சம உயரக்கோட்டு வரைபடத்தின் தம்பி அது. விளையாட்டில் நீங்கள் ஏறி இறங்கும் மலையெல்லாம் பெரும்பாலும் இப்படி ஒரு சாம்பல் நிறப் படத்திலிருந்து எழுந்ததுதான்.

இங்கேயே கணக்கு வந்துவிடுகிறது. 8 பிட் படத்தில் 256 அளவுகள்தான் உண்டு. 1,000 மீட்டர் மலையை அதில் அடைத்தால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் ஏறக்குறைய 4 மீட்டர் இடைவெளி. மலை சரிவாக வராது, கோயில் குளத்துப் படிக்கட்டு மாதிரி வரும். 16 பிட் என்றால் 65,536 அளவுகள். இடைவெளி ஒன்றரை சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். இது தெரியாமல் பட்டனைத் தட்டியவர் படிக்கட்டு மலையைப் பார்த்து விழிப்பார். தெரிந்தவர் இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிடுவார்.

சரி, அந்த எண்களை யார் நிரப்புவது? கணினியிடம் "உனக்குத் தோன்றியதைப் போடு" என்றால் ஒரு கட்டத்தில் 2, பக்கத்தில் 900, அடுத்ததில் 40 என்று போடும். அது நிலமாக இருக்காது, ஆணிப் பலகையாக இருக்கும். இயற்கையில் நீங்கள் நிற்கும் இடத்தின் உயரமும் பத்தடி தள்ளி உள்ள இடத்தின் உயரமும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருக்கும். மாறினாலும் மெதுவாக மாறும். இந்த மெதுவான மாற்றத்தைக் கணக்காக எழுதியவர் அமெரிக்காவின் கென் பெர்லின். 1982-ல் வந்த 'டிரான்' படத்தில் வேலை செய்தபோது, கணினி வரைந்த பொருள்களெல்லாம் இயந்திரத்தனமாக வழுவழுவென்று இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அதிலிருந்து பிறந்த முறைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது: பெர்லின் நாய்ஸ். அதற்காக 1997-ல் தொழில்நுட்பப் பிரிவில் ஆஸ்கர் விருதும் கிடைத்தது.

அதற்கு முன்பே, 1967-ல், மாண்டல்பிராட் என்ற கணித அறிஞர் பிரிட்டன் கடற்கரையின் நீளம் எவ்வளவு என்று ஒரு கேள்வி கேட்டார். எந்த அளவுகோலால் அளக்கிறோமோ அதைப் பொறுத்து நீளம் மாறும் என்று காட்டினார். பெரிய வளைவுக்குள் சிறிய வளைவு, அதற்குள் இன்னும் சிறியது. மலையும் அப்படித்தான். பெரிய மேடு ஒன்றைப் போடு. அதன்மேல் பாதி அகலமும் பாதி உயரமும் கொண்ட மேடுகளைப் போடு. அதன்மேல் அதிலும் பாதி. இப்படி ஏழெட்டு அடுக்கு போட்டால் கண்ணுக்கு மலை போலவே தெரியும். நீங்கள் படித்த பெருக்குத் தொடர்தான் இது, வேறொன்றும் இல்லை.

இதனால் என்ன லாபம் என்றால், நிலத்தைச் சேமித்து வைக்க வேண்டாம், விதியை வைத்தால் போதும். 1984-ல் பிரிட்டனில் இரண்டு இளைஞர்கள் 'எலீட்' என்ற விளையாட்டைச் செய்தார்கள். அவர்களிடம் இருந்த கணினியின் நினைவகம் 32 கிலோபைட். இன்று நீங்கள் அனுப்பும் ஒரு குட் மார்னிங் படம்கூட அதில் அடங்காது. அதற்குள் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள் என்று வைத்தார்கள். ஒரு விதை எண்ணும் விதியும் இருந்தால் வேண்டும்போது உலகம் முளைக்கும், வேண்டாதபோது மறையும். மைன்கிராஃப்ட் விளையாடும் நம் பேரப்பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். ஒரே பதிப்பில் ஒரே விதை எண்ணைக் கொடுத்தால் பாலக்கோட்டிலும் பாரிஸிலும் அதே மலை, அதே குகை.

இங்கேதான் மச்சானுக்கு நான் பதில் சொல்ல விரும்புகிறேன். 2016-ல் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விளையாட்டு வந்தது. அதில் இரண்டின் 64-ஆம் அடுக்கு எண்ணிக்கையில் கிரகங்கள். 18-ஐ எழுதி அதன்பின் 18 பூச்சியங்களைப் போட்டால் ஏறத்தாழ அந்த எண். மனிதர் எவரும் முழுதாகச் சுற்றி முடிக்க முடியாது. ஆனால் வெளியான புதிதில் விளையாடியவர்கள் என்ன குறை சொன்னார்கள் தெரியுமா? பத்துக் கிரகம் பார்த்தால் போதும், மீதியெல்லாம் அதே மாதிரி இருக்கிறது என்றார்கள். அந்த நிறுவனம் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் உட்கார்ந்து விதிகளை வளப்படுத்தியது. மெஷின் எத்தனை கோடி மலை வேண்டுமானாலும் தரும். ஒன்றுக்கொன்று வேறுபட்ட மலை வேண்டும் என்றால், மலைகள் ஏன் வேறுபடுகின்றன என்று தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் படிப்பு.

விதி எழுதி வடிவம் வளர்ப்பது நமக்குப் புதிதும் இல்லை. உங்கள் அம்மா வாசலில் போடும் கோலம் அதுதானே? புள்ளி வைக்கும் முறை ஒன்று, புள்ளியைச் சுற்றி இழை வளையும் முறை ஒன்று. இந்த இரண்டு விதி தெரிந்தால் ஐந்து புள்ளிக் கோலம் போட்டவர் இருபத்தொரு புள்ளியும் போடுவார். இதைக் கணினி இலக்கணமாக எழுதலாம் என்று 1974-லேயே காட்டியவர்கள் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், அவர்களோடு கமலா கிரிதிவாசனும். அவர்கள் கட்டுரை கணினி வரைகலைக்கான வெளிநாட்டு ஆய்விதழில் வந்தது. பின்னாளில் கணினியில் செடி கொடிகளை வளர்க்கும் விதிகளை உருவாக்கியவர்கள் கோலத்தையும் எடுத்துக்காட்டாகக் கையாண்டார்கள். இன்று ஹூடினி என்ற பெரிய மென்பொருளில் மரம் வளர்க்க ஒரு கருவி இருக்கிறது. அது இந்தக் கோல ஆராய்ச்சிக்கு ஒன்றுவிட்ட உறவு. "இதெல்லாம் வெள்ளைக்காரன் வேலை, நமக்கு வராது" என்று யாராவது சொன்னால் வாசலைக் காட்டுங்கள்.

இப்போது நம் ஊர் நிலத்துக்கு வருகிறேன்.

இந்தக் கருவிகளின் விளம்பரப் படங்களைப் பாருங்கள். பெரும்பாலும் கூர்முனைச் சிகரங்கள், பனி, ஆழமான பள்ளத்தாக்கு. மேலே சொன்ன அடுக்கு முறையில் மலையைச் செய்துவிட்டு, அதன்மேல் லட்சக்கணக்கான மழைத்துளிகளைக் கணக்கில் விடுவார்கள். துளி சரிவில் வேகமாக ஓடினால் மண்ணை அரிக்கும். வேகம் குறைந்தால் மண்ணைப் போட்டுவிடும். அதனால் ஓடைகளும் வண்டல் விசிறிகளும் தானாக உருவாகும். ஆறாம் வகுப்பிலிருந்து நாம் படித்த அரித்தல், கடத்தல், படிய வைத்தல்தான் இது. இளம் மலைகளுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. இமயமலை உயரத் தொடங்கிச் சுமார் 5 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன.

நம் தர்மபுரிப் பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. இது கிழவன் நிலம். இங்கே மலை என்பது பெரும்பாலும் மொட்டைப் பாறைக் குன்று. பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், தர்மபுரி அதில் ஏறக்குறைய பாதி. அந்த ஏற்றம் முழுக்கக் குன்றுகளும் உருண்டைக் கற்களும் புளிய மரங்களும்தான். ஒரு பாறைமேல் இன்னொரு பாறை யாரோ தூக்கி வைத்த மாதிரி நிற்கும். நடுவில் ஆடு மழைக்கு ஒதுங்கும் அளவு இடுக்கு இருக்கும்.

அந்தப் பாறையை யாரும் தூக்கி வைக்கவில்லை. பூமிக்கு அடியில் இருந்தபோதே பாறையில் குறுக்கும் நெடுக்கும் விரிசல். விரிசல் வழியே தண்ணீர் இறங்கி மூலைகளை முதலில் மக்கச் செய்தது. மூலை போனால் சதுரம் உருண்டையாகும். பிறகு சுற்றியுள்ள மக்கிய மண்ணை மழை அடித்துக்கொண்டு போக, உருண்டைகள் மட்டும் நின்றன. விரிசல்கள் நெருக்கமாக இருந்த இடத்தில் சிறு கற்கள், தள்ளித்தள்ளி இருந்த இடத்தில் யானை அளவுக் கற்கள். பார்த்தீர்களா, இதிலும் ஒரு விதி இருக்கிறது. ஆனால் வெறும் உயரப்படத்தால் இதைக் காட்டவே முடியாது. ஒரு கட்டத்துக்கு ஓர் உயரம்தானே எழுத முடியும்? பாறை, அதன் கீழே இடுக்கு, அதன் கீழே இன்னொரு பாறை என்றால் அங்கே மூன்று உயரம் வேண்டும். இதற்குத் தனியாக வேலை செய்ய வேண்டும். விரிசலிலிருந்து தொடங்கும் விதியை எழுத வேண்டும். ராயக்கோட்டை மலையேறிய பிள்ளைக்கு இது சட்டென்று புரியும்.

பாறையைவிட முக்கியமான ஒன்று ஏரி. தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் உண்டு என்பது கணக்கு. நம் நிலத்தை மழை மட்டும் செதுக்கவில்லை, மனிதரும் செதுக்கியிருக்கிறார்கள். எங்கே இரண்டு மேடுகள் நெருங்கி வருகின்றனவோ அங்கே பிறை போலக் கரை. கரையின் அடியில் மதகு. ஓரத்தில் கெட்டியான தரை பார்த்துக் கலிங்கல். ஏரி நிரம்பிக் கோடி போனால் அந்தத் தண்ணீர் வீணாகாமல் கீழே உள்ள ஏரிக்குப் போக ஒரு கால்வாய். மதகுக்குக் கீழே நெல், மேட்டில் கேழ்வரகு, ஊர் மேடான இடத்தில். இதையெல்லாம் விதியாக எழுதினால் ஒரு பட்டனில் நம் ஊர் முளைக்கும். இன்று எந்தக் கருவியை வாங்கினாலும் பனிமலைக்குப் பொத்தான் இருக்கும், ஏரிச் சங்கிலிக்குப் பொத்தான் இருக்குமா என்று தேடிப் பாருங்கள்.

"செயற்கைக்கோள் தரவு இருக்கிறதே சார், அதையே எடுத்து உள்ளே போட்டுவிடலாமே?" என்று மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி ஓடம் ஒன்று 11 நாள் சுற்றி உலகின் பெரும்பகுதி உயரத்தை ரேடாரால் அளந்தது. நம் இஸ்ரோ 2005-ல் அனுப்பிய கார்ட்டோசாட்-1 இரண்டு கேமராக்களால், நம் இரண்டு கண்கள் பார்ப்பது போலப் பார்த்து உயரம் கணித்தது. இஸ்ரோவின் புவன் தளத்தில் அந்தத் தரவை இலவசமாக எடுக்கலாம். எடுத்துப் பாருங்கள், நல்ல பயிற்சி. ஆனால் அவற்றில் சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். சில மீட்டர் அகலமே உள்ள ஏரிக்கரை இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் கரைந்துவிடும். வரத்துக் கால்வாய் சுத்தமாகத் தெரியாது. அதற்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கத்தான் வேண்டும்.

அடுத்து வரும் ஆட்சேபம் பிழைப்பைப் பற்றியது. "சம்பளம் கொடுப்பவன் வெளிநாட்டுக்காரன். அவனுக்கு வேண்டியது பனிமலை. நம்ம ஊர்க் குன்று யாருக்கு வேணும்?" இதில் உண்மை இல்லாமல் இல்லை. 1997-ல் பெங்களூரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் நம் நாட்டின் மூத்த கேம் நிறுவனம். வெளிநாட்டு விளையாட்டுகளுக்குக் கலை வேலை செய்து கொடுத்தே பெரிதாக வளர்ந்தது. 2019-ல் ராக்ஸ்டார் அதை வாங்கிக்கொண்டது. அந்த வேலையில் குறைவு ஒன்றும் இல்லை. கைத்தொழில் அப்படித்தான் கைக்கு வரும்.

ஆனால் 2023-ல் 'வெண்பா' வந்தது. கனடாவின் டொரண்டோவில் ஒரு சிறிய குழு செய்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம், ஒரு தாய், பாதி அழிந்துபோன சமையல் குறிப்புப் புத்தகம், இட்லி, புட்டு. விளையாட்டு அவ்வளவுதான். அதற்கு 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. இட்லிப் பானையில் துணி விரிப்பதைத் தெரிந்தவர் செய்ததால்தான் அது உலகத்துக்குப் புதிதாக இருந்தது. சமையலறைக்குக் கிடைத்த மதிப்பு ஏரிக்கரைக்கும் பாறைக் குன்றுக்கும் கிடைக்காது என்று யார் சொன்னது? பனிமலை செய்ய உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. பஞ்சப்பள்ளிப் பக்கத்துச் சின்னாறு கோடையில் மணலும் பாறையுமாகக் கிடப்பதையும், ஒரு மழையில் செங்காவியாகப் பொங்குவதையும் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள் எத்தனை பேர்?

எனக்கு இதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று இருக்கிறது. விளையாட்டு நிலத்தில் தண்ணீரை ஓடவிடும் கணக்கும், உண்மை நிலத்தில் தண்ணீர் எங்கே போகும் என்று கண்டுபிடிக்கும் கணக்கும் ஒரே குடும்பம். ஒரு கட்டத்தின் தண்ணீர், சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எது அதிகச் சரிவோ அதற்குப் போகும். இப்படி எல்லாக் கட்டத்தையும் கூட்டிக்கொண்டே வந்தால் எந்தக் கட்டத்தில் அதிகத் தண்ணீர் சேர்கிறதோ அது ஓடை. க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளிலேயே இதைச் செய்யலாம்.

நம் மாவட்டத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். ஏரிக்கு வரும் கால்வாயின் மேலேயே மனை பிரித்து விற்றுவிட்டார்கள். இரண்டு மழைக்காலம் யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது மழையில் தண்ணீர் பழைய வழியைத் தேடி வீட்டுக்குள் வந்தது. மேலே வீடு மிதக்க, கீழே ஏரி காய்ந்து கிடந்தது. வாங்கியவர்கள் ஏழைகள். கால்வாய் அங்கே இருந்தது என்று சொல்ல ஊரில் இரண்டு கிழவர்கள்தான் இருந்தார்கள். அவர்கள் பேச்சைக் கேட்க ஆளில்லை. நிலத்தின் விதியைக் கணக்காகத் தெரிந்த ஒரு பிள்ளை அந்த ஊரில் இருந்திருந்தால், மனை விற்கும் முன்பே திரையில் தண்ணீரை ஓடவிட்டுக் காட்டியிருக்கும். கிழவர் சொல்லைத் தட்டிவிடலாம். எல்லார் கண் முன்னாலும் ஓடும் தண்ணீரைத் தட்டுவது அவ்வளவு எளிதில்லை. அதனால்தான் இந்தப் படிப்பை விளையாட்டு என்று ஒதுக்காதீர்கள் என்கிறேன்.

இனி, போன் செய்தவர்களுக்கு என் பதில்.

பிள்ளை ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். ஆனால் லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கட்டாதீர்கள். முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "கணக்கும் நிரல் எழுதுவதும் சொல்லித் தருவீர்களா, மென்பொருளில் எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லித் தருவீர்களா?" பட்டன் ஆண்டுதோறும் இடம் மாறும். வெக்டரும் சைன் வளைவும் மாறாது. சாதாரணப் பொறியியலோ பி.எஸ்சி. கணிதமோ படித்துக்கொண்டே இதைப் பழகியவர்களும் நன்றாக இருக்கிறார்கள்.

பணம் கட்டும் முன் ஆறு மாதம் வீட்டில் பழகட்டும். பிளெண்டர், கோடோ, க்யூஜிஐஎஸ் மூன்றும் இலவசம். ஹூடினியிலும் கற்பதற்கென்று இலவசப் பதிப்பு உண்டு. ஆறு மாதத்தில் சலித்துவிட்டால் அவனுக்குப் பிடித்தது விளையாடுவது மட்டும்தான் என்று தெரிந்துவிடும். சலிக்கவில்லை என்றால் தயங்காமல் சேருங்கள். பெண் பிள்ளைகளுக்கும் இதேதான். "பாப்பாவுக்கு எதுக்கு கேம்" என்று கேட்பவர்கள் தாம்பரத்தில் கோலத்துக்கு இலக்கணம் எழுதியவர்களில் இரண்டு பேர் பெண்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் ஏற்கெனவே இந்த வேலையில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சனி, ஞாயிறு ஊருக்கு வரும்போது ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். உங்கள் ஊர் ஏரியின் வரத்துக் கால்வாயை அதன் தலையிலிருந்து மதகு வரை நடந்து பாருங்கள். தாத்தா பாட்டி யாராவது இருந்தால் கூட அழைத்துப் போங்கள், எந்த மடை எப்போது திறப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். பார்த்ததை ஐந்து விதிகளாக எழுதுங்கள். "சரிவு இவ்வளவுக்கு மேல் இருந்தால் மண் நிற்காது, பாறை தெரியும்" என்கிற மாதிரி எளிமையாக இருந்தால் போதும். அந்த ஐந்து விதிகளைக் கீழே பின்னூட்டத்தில் போடுங்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் அதை எடுத்துச் செய்து பார்க்கட்டும். நான் வழக்கம்போல் சிவப்பு மையோடு காத்திருக்கிறேன்.

மச்சான் கோபித்துக்கொள்ள வேண்டாம். அடுத்த முறை வரும்போது பேரனிடம் அந்தப் பட்டனைத் தட்டச் சொல்லி, பனிமலைக்குப் பதில் நம் தும்பலஹள்ளி அணைக்கட்டு வரவைக்க முடியுமா என்று கேளுங்கள். அவன் எத்தனை கேள்வி திருப்பிக் கேட்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனையும் பாடம்.

எல்லாரும் நலமாக இருங்கள்.
அன்புடன், உங்கள் சார்.